ஏழு மாதக் குழந்தைக்கு இதய ஆபரேஷன்: "பிறவிக் குறைபாடு" என்று கேஷ்லெஸ் மறுத்துவிட்டார்கள், என்ன செய்யலாம்?

நொய்யல்கரை:

வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் பையனுக்கு இப்போது ஏழு மாதம். பிறந்தபோது 2 கிலோ 900 கிராம் இருந்தான், இன்றைக்கு 5 கிலோ 200. பால் குடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நெற்றி வியர்த்துவிடும், மூச்சு வாங்கும், பாதியில் விட்டுவிட்டு அழுவான். "அவங்க அப்பா மாதிரி ஒல்லி வாகு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தடவை நிமோனியா வந்து சேர்த்தபோது டாக்டர் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கச் சொன்னார். இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவே 7 மில்லிமீட்டர் ஓட்டை. வி.எஸ்.டி. என்றார்கள். நுரையீரலுக்குப் போகும் குழாயிலும் அழுத்தம் ஏறியிருக்கிறது.

லேசிக்ஸ், எனலாப்ரில் இரண்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கோவையில் குழந்தைகளுக்கான இதய டாக்டரைப் பார்த்தோம். மருந்து தாங்கிப் பிடிக்கத்தான், ஓட்டையை ஒட்டுப் போட்டு மூட வேண்டும் என்றார். தள்ளிப்போட்டால் நுரையீரல் குழாய்கள் தடித்துப்போய், ஒரு கட்டத்துக்கு மேல் ஆபரேஷனே செய்ய முடியாமல் போகும் என்றும் சொன்னார். அடுத்த மாதம் முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார். எஸ்டிமேட் 3,40,000 ரூபாய்.

வீட்டுக்காரர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். சம்பளம் 34,000. 21,000-க்கு மேல் என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி மட்டும்தான் இருக்கிறது. குடும்பத்துக்கு 4 லட்சம். பையன் பிறந்த உடனேயே அவன் பெயரைச் சேர்த்துவிட்டோம், கார்டும் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து ப்ரீ-ஆத், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்ட முன் அனுமதி கேட்கும் ஃபார்ம், அனுப்பினார்கள். சாயங்காலம் ஒரு மெயில். ஒரே வரி: பிறவிக் குறைபாட்டுக்கான சிகிச்சை பாலிசியில் விலக்கு என்பதால் கேஷ்லெஸ் மறுக்கப்படுகிறது. போன் செய்தால் எடுக்கிற பெண் அதே வரியைப் படிக்கிறார். கம்பெனி ஹெச்.ஆர். "டி.பி.ஏ. சொல்லிட்டாங்கன்னா அவ்வளவுதான் சார்" என்கிறார். டி.பி.ஏ. என்பது இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெய்ம் வேலை பார்க்கும் ஏஜென்சி.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். பிறவியிலேயே இருந்தது என்பதற்காக மறுப்பது நியாயமா? அடுத்தது, மாமியார் நகையை வைத்து உடனே பண்ணிவிடலாம் என்கிறார். வீட்டுக்காரர், கட்டிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி திருப்பித் தராது, போராடிப் பார்த்துவிட்டுப் பண்ணலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


இன்சூரன்ஸ்_டெஸ்க்:

நொய்யல்கரை, நான் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை செய்கிறேன். இந்த மாதிரி மெயிலைப் படித்துவிட்டுக் கையில் குழந்தையோடு கவுன்டர் முன்னால் நிற்கும் அம்மாக்களைத் தினமும் பார்க்கிறவள். நிதானமாகப் படியுங்கள் அம்மா, வழி இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கேஷ்லெஸ் மறுப்பு என்பது கிளெய்ம் மறுப்பு அல்ல. "இப்போது ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்ட மாட்டோம்" என்பது மட்டும்தான் அதன் அர்த்தம். நீங்களே கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. கட்டிவிட்டால் வராது என்று உங்கள் வீட்டுக்காரர் பயப்பட வேண்டியதில்லை.

அடுத்தது அந்த "பிறவிக் குறைபாடு". இன்சூரன்ஸில் இதற்கு இரண்டு வகை உண்டு. வெளியே தெரிகிற, தொட்டுப் பார்க்கக்கூடிய உறுப்பில் இருந்தால் எக்ஸ்டர்னல். உதடு பிளந்திருப்பது, விரல் கூடுதலாக இருப்பது எல்லாம் அதில் வரும். உடம்புக்குள் இருந்தால் இன்டர்னல். இது யாரோ ஒரு கம்பெனி வைத்த பெயர் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாகக் கொடுத்த விளக்கம். இதய ஓட்டை உள்ளே இருப்பது. நான் பார்த்த குரூப் பாலிசிகளில் பெரும்பாலானவற்றில் விலக்குப் பட்டியலில் "எக்ஸ்டர்னல் கன்ஜெனிட்டல்", அதாவது வெளியே தெரியும் பிறவிக் குறைபாடு, என்றுதான் இருக்கும். 2019 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட வழிகாட்டுதலில் பாலிசியில் எதையெல்லாம் விலக்காக வைக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். இன்டர்னல் கன்ஜெனிட்டல் நோய்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

அதனால் இன்றைக்கே ஹெச்.ஆரிடம் பாலிசி முழுவதையும் கேளுங்கள். உங்கள் கையில் இருக்கும் இரண்டு பக்க பெனிஃபிட் சம்மரி போதாது. ஷெட்யூல், டெர்ம்ஸ், பிற்பாடு சேர்த்த திருத்தங்களான எண்டார்ஸ்மென்ட்கள் எல்லாம் வேண்டும். வாயால் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள். அதில் "கன்ஜெனிட்டல்" என்று வரும் ஒவ்வொரு இடத்தையும் தேடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

ப்ரீ-ஆத் ஃபார்மில் டாக்டர் பகுதியில் என்ன நிரப்பியிருக்கிறது என்றும் ஆஸ்பத்திரி டெஸ்க்கில் கேட்டுப் பாருங்கள். எங்களிடமும் இது நடக்கும். ட்யூட்டி டாக்டர் அவசரத்தில் "கன்ஜெனிட்டல் ஹார்ட் டிசீஸ், பிறந்ததிலிருந்து" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். மருத்துவப்படி அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் டி.பி.ஏ.வில் உட்கார்ந்து படிக்கிறவர் கண்ணில் "கன்ஜெனிட்டல்" படுகிறது, "இன்டர்னல்" படுவதில்லை. எப்போது கண்டுபிடித்தார்கள், என்ன அறிகுறி, எக்கோவில் என்ன அளவு, தாமதித்தால் என்ன ஆகும் என்பது எதுவும் ஃபார்மில் இருக்காது.

உங்கள் இதய டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் தனியாக ஒரு கடிதம் வாங்குங்கள். ஒரு பக்கம் போதும். இது இன்டர்னல் கன்ஜெனிட்டல் அனாமலி என்ற வார்த்தைகள் அப்படியே வர வேண்டும். முதலில் கண்டுபிடித்த தேதி, எக்கோ அளவு, நுரையீரல் அழுத்தம், எடை ஏறாதது, நிமோனியா வந்தது, மருந்து கொடுத்தும் சரியாகாதது, எந்தக் காலத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பது, இவ்வளவும் அதில் இருக்கட்டும். டாக்டர்கள் மறுக்க மாட்டார்கள். அவர்களுக்கு நேரம்தான் இல்லை, நீங்கள் குறிப்பை எழுதிக் கொண்டுபோனால் பார்த்துத் திருத்திப் போட்டுவிடுவார்கள்.

அதை வைத்து உங்கள் ஆஸ்பத்திரி டெஸ்க்கில் இருப்பவர்கள் மறுபடி ப்ரீ-ஆத் அனுப்பலாம். ஒருமுறை மறுத்ததைத் திரும்பத் திறக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 மே 29-ஆம் தேதி வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. மாஸ்டர் சர்க்குலர்படி கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கிளெய்மை மறுப்பதாக இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது, பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று குறிப்பிட்டுச் சொல்லவும் வேண்டும். "விலக்கு" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பியதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொன்று. ஹெச்.ஆரிடம் "கார்ப்பரேட் பஃபர் இருக்கிறதா" என்று கேளுங்கள். சில குரூப் பாலிசிகளில் பெரிய நோய்க்காக ஒரு தொகையைப் பொதுவில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். கம்பெனி சிபாரிசு செய்தால்தான் அதைத் திறப்பார்கள். ஊழியருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.


வைகைக்கரை:

தங்கச்சி, மதுரையிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு இதே வி.எஸ்.டி. ஒன்பது மாதத்தில் ஆபரேஷன் செய்தோம். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், கபடி விளையாடுகிறாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் இடத்தில் நான் இருந்தபோது எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: ஆபரேஷன் தேதியை இன்சூரன்ஸ் கம்பெனியோடு முடிச்சுப் போடாதீர்கள். டாக்டர் சொன்ன தேதி குழந்தையின் நுரையீரலைப் பார்த்துச் சொன்னது. கம்பெனியோடு நடக்கும் சண்டை ஒரு மாதமும் நடக்கும், ஒரு வருடமும் நடக்கும். அதைப் பின்னால் ஜெயிக்கலாம். நுரையீரல் குழாய் தடித்துப்போனால் அதைப் பின்னால் சரிசெய்ய முடியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்துங்கள். அத்தை நகைக்கடனுக்கு ஏற்பாடு பண்ணட்டும், மாப்பிள்ளை மெயில் அனுப்பட்டும். இருவரும் சொல்வது சரிதான்.

என் கதையில் காரணம் வேறு. "ஏற்கெனவே இருந்த நோய், காத்திருப்புக் காலம் முடியவில்லை" என்றார்கள். பிறந்த அன்றே பாலிசிக்குள் வந்த குழந்தைக்கு அதற்கு முன்னால் எங்கே நோய் இருக்க முடியும்? நான் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன், சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் சரக்கு காணாமல் போனால் கிளெய்ம் எப்படிப் போடுவது என்று தெரியும். தேதி, பில் நம்பர், யார் சொன்னது, எப்போது சொன்னது. அதையே இங்கேயும் செய்தேன். ஒரு அரைக்குயர் நோட்டு போட்டு, போன் பேசினால் நேரம், பேசியவர் பெயர், புகார் எண், அவர் சொன்னது எல்லாம் எழுதினேன். போனை வைத்த கையோடு, "இன்று இத்தனை மணிக்கு உங்கள் ஊழியர் இப்படிச் சொன்னார், தவறாக இருந்தால் திருத்தவும்" என்று மெயில் போட்டுவிடுவேன். பிற்பாடு "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை" என்றபோது இந்த மெயில்கள்தான் பேசின.

யாரிடம் போவது என்ற வரிசை முக்கியம். டி.பி.ஏ. இடையில் இருக்கும் ஏஜென்சி மட்டும்தான். அவர்களோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் புகார்களைக் கவனிக்கக் கிரீவன்ஸ் ஆபீசர் என்று ஒருவர் இருப்பார், பாலிசியிலேயே மெயில் முகவரி இருக்கும். அவருக்கு எழுதி, கம்பெனி ஹெச்.ஆருக்கும் ஒரு நகல் வையுங்கள். அதே நாள் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா என்ற புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். தளம் தெரியாவிட்டால் 155255-க்குப் போன் செய்தாலும் எடுத்துக்கொள்வார்கள். அங்கே பதிவாகிவிட்டால் கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டும். அதுவரை "பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அப்புறம் அவர்களாகவே எனக்குப் போன் செய்தார்கள்.

கிரீவன்ஸ் ஆபீசரும் மறுத்தால், அல்லது ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால், இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. பீஸ் கிடையாது, வக்கீல் கிடையாது, வக்கீல் வைக்கவும் விடமாட்டார்கள். கம்பெனி கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். 50 லட்சம் வரையிலான புகார்களை எடுப்பார்கள். அவர் கொடுக்கும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்குப் பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரை அங்கேயும் கட்டணம் இல்லை. ஒரே விஷயத்துக்கு இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார்.

எனக்கு ஆம்புட்ஸ்மேன் வரை போக வேண்டியிருந்தது. அதற்குள் ஆபரேஷன் முடிந்து குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டாள். விசாரணையில் கம்பெனி ஆள், கருவிலேயே இருந்த நோய் என்று வாதிட்டார். நான் பாலிசியையும், குழந்தையின் பெயர் சேர்த்த எண்டார்ஸ்மென்ட்டையும், முதல் எக்கோ ரிப்போர்ட்டையும் தேதிப்படி அடுக்கிக் கொடுத்தேன். நீளமாகப் பேசவே தேவைப்படவில்லை. பணம் வந்தது. சில்லறைப் பொருட்கள் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த மெயில், போன் வேலையை நீங்கள் செய்யாதீர்கள், மாப்பிள்ளையோ வீட்டில் இன்னொருவரோ செய்யட்டும். ஆபரேஷனுக்கு முன்னால் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதும், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுத்து எடையைத் தாங்கிப் பிடிப்பதும்தான் பெரிய வேலை. சளி இருந்தால் மயக்க டாக்டர் தேதியைத் தள்ளிவிடுவார். என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டதால்தான் நான் நோட்டும் கையுமாக அலைய முடிந்தது.


பொன்னி_நெல்:

மேலே சொன்னதெல்லாம் சரி. பணம் புரளவில்லை என்றால் வேறு சில கதவுகளையும் தட்டிப் பாருங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் டி.இ.ஐ.சி. என்ற மையம் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருவது. பிறந்தது முதல் 18 வயது வரை பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளைப் பார்த்துச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள், இதய நோயும் அதில் உண்டு. எக்கோ ரிப்போர்ட்டோடு நேரில் போய்க் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற எண்ணில் கேட்கலாம்.

பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலும் புட்டபர்த்தியிலும் உள்ள சத்ய சாய் ஆஸ்பத்திரிகளில் இதய ஆபரேஷன் இலவசம். பில்லிங் கவுன்டரே கிடையாது. காத்திருப்போர் பட்டியல் இருக்கும், அதனால் உங்கள் டாக்டர் கொடுத்த தேதியை விட்டுவிடாமல் இதையும் விசாரியுங்கள். பிரதமர் தேசிய நிவாரண நிதியிலும் இதய ஆபரேஷனுக்கு ஓரளவு உதவி கிடைக்கும். ஆஸ்பத்திரி கொடுத்த எஸ்டிமேட், வருமானச் சான்று எல்லாம் வைத்து ஆபரேஷனுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரி அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணம் உங்கள் கைக்கு வராது, ஆஸ்பத்திரிக்குப் போகும். தொகுதி எம்.பி. அலுவலகத்தில் கடிதம் வாங்கி வைத்தால் வேகம் கிடைக்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.


நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் அப்படியே காட்டினேன். அன்றைக்கே அவர் ஹெச்.ஆருக்கு மெயில் போட்டார். பாலிசி முழுவதும் வந்துவிட்டது. அக்கா சொன்ன மாதிரியே இருக்கிறது: விலக்குப் பட்டியலில் "எக்ஸ்டர்னல் கன்ஜெனிட்டல் அனாமலி" என்று மட்டும். இன்னொரு இடத்தில் "பிறந்த முதல் நாளிலிருந்து குழந்தைக்குக் காப்பு" என்றும், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் தள்ளுபடி என்றும் இருக்கிறது. இதையெல்லாம் எங்களுக்கு யாரும் காட்டவே இல்லை.

டாக்டர் கடிதம் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி அனுப்பினார்கள். கிரீவன்ஸ் ஆபீசருக்கும் எழுதி, பீமா பரோசாவிலும் பதிவு செய்துவிட்டோம். இப்போது இன்சூரன்ஸ் பக்கத்திலிருந்து விளக்கம் கேட்டு புதிதாக ஒரு கொரி (query) வந்திருக்கிறது. கர்ப்ப காலத்தில் எடுத்த ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட் வேண்டுமாம். அந்த ஸ்கேனில் இதயம் நார்மல் என்றுதான் இருக்கிறது. இதைக் கொடுத்தால், அப்போது இல்லாத நோய் இப்போது எப்படி வந்தது என்று கேட்பார்களா? கொடுக்கலாமா?


இன்சூரன்ஸ்_டெஸ்க்:

கொடுங்கள் அம்மா, பயப்பட வேண்டாம். அது உங்களுக்குச் சாதகம். கருவில் இருக்கும்போது இரண்டு பக்க அறைகளிலும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், அதனால் வி.எஸ்.டி. அந்த ஸ்கேனில் தெரியாமல் போவது சகஜம். பிறந்து சில வாரம் கழித்து நுரையீரல் பக்க அழுத்தம் இறங்கிய பிறகுதான் ரத்தம் ஓட்டை வழியாகப் பாயத் தொடங்கும், டாக்டருக்கும் சத்தம் கேட்கும். நீங்கள் தெரிந்தே மறைக்கவில்லை என்பதற்கு அந்த ரிப்போர்ட்தான் சாட்சி. டாக்டரிடம் இதையே ஒரு வரி எழுதி வாங்கி, ரிப்போர்ட்டோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

கொரி வந்தாலே மறுத்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஃபைலைத் திறந்து படிக்கிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கே பதில் போய்விட வேண்டும், அது மட்டும்தான் முக்கியம். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், ஸ்கேன் செய்த காப்பி போதும்.


வைகைக்கரை:

கொரிக்கு அனுப்பும் பதிலையும் கிரீவன்ஸ் மெயிலிலேயே கீழே சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள் தங்கச்சி. ஆஸ்பத்திரி வழியாகப் போனது "வரவில்லை" என்று எங்களிடம் ஒருமுறை சொன்னார்கள்.


நொய்யல்கரை:

தாமதமாக எழுதுவதற்கு எல்லோரும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

கேஷ்லெஸ் கிடைத்துவிட்டது. முதலில் 2,60,000-க்கு ஒப்புதல், டிஸ்சார்ஜ் அன்று இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். மீதிக்கு அத்தையின் வளையலை வங்கியில் வைத்தோம். கொடுத்த தேதியில் அவனுக்கு லேசாகச் சளி இருந்ததால் மயக்க டாக்டர் ஒரு வாரம் தள்ளிவிட்டார், அண்ணன் சொன்னதுபோலவே. அந்த ஒரு வாரமும் வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐ.சி.யூ.வில் முதல் நாள் பார்க்க முடியவில்லை, அவ்வளவு குழாய்கள். இப்போது வீட்டில் இருக்கிறான். நேற்று ஒரு பாட்டில் பாலை நிறுத்தாமல் குடித்து முடித்தான், நெற்றியில் வியர்வை இல்லை.

பில்லில் 41,000 கழித்திருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் "பேட்ச் மற்றும் கன்ஸ்யூமபிள்ஸ்" என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். ஓட்டையை மூடிய ஒட்டே அதுதானே, அதை எப்படிக் கழிக்க முடியும்? அக்கா, இதைக் கேட்கலாமா?

டாக்டர் கடிதத்தில் என்ன இருந்தது என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டிருந்தார்கள். பெயர்களை எடுத்துவிட்டுத் தமிழில் போடுகிறேன்:

"இந்தக் குழந்தைக்கு இதயக் கீழறைகளுக்கு இடையே 7 மி.மீ. அளவுள்ள ஓட்டை இருப்பது எக்கோ மூலம் முதன்முறையாக ஆறாம் மாதத்தில் கண்டறியப்பட்டது. இது உடலின் வெளியே தெரியாத, இன்டர்னல் கன்ஜெனிட்டல் அனாமலி வகையைச் சேர்ந்தது. கர்ப்ப காலப் பரிசோதனையில் இது கண்டறியப்படவில்லை. அப்படித் தெரியாமல் போவது இந்த நோயில் வழக்கமானது. மருந்து கொடுத்தும் எடை ஏறவில்லை, நுரையீரல் தொற்று மீண்டும் வந்துள்ளது, நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் உயர்ந்துள்ளது. நான்கு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை அவசியம். தாமதித்தால் திரும்பச் சரிசெய்ய முடியாத நுரையீரல் பாதிப்பு ஏற்படும்."


இன்சூரன்ஸ்_டெஸ்க்:

படித்ததும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா.

41,000-க்குத் தாராளமாகக் கேட்கலாம். கையுறை, பஞ்சு மாதிரிப் பொருட்களைப் பல பாலிசிகளில் கழிப்பார்கள். ஒட்டு உடம்புக்குள்ளேயே இருக்கும் இம்பிளான்ட், அது அந்தக் கணக்கில் வரக்கூடாது. ஆஸ்பத்திரி பில்லிங்கில் ஒட்டுக்குத் தனி பில்லும், அதன் பேக்கில் இருந்த ஸ்டிக்கரின் காப்பியும் கேளுங்கள், கேஸ் ஷீட்டில் ஒட்டி வைத்திருப்பார்கள். கழித்தது ஒவ்வொன்றும் பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எக்கோ, ரத்தப் பரிசோதனை, வீட்டுக்கு வந்த பிறகு வாங்கும் மருந்து, செக்கப் பில்களையும் தனியாகச் சேர்த்து வையுங்கள். அட்மிஷனுக்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை பெரும்பாலான பாலிசிகளில் கொடுப்பார்கள், உங்கள் பாலிசியில் எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே கவரில் ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்கு அனுப்பலாம், அனுப்பும் முன் முழுவதையும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.